வால்வை மூடிய கை

பட்டப்பகலில் பேயா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று காய்ச்சலும் இல்லை. பட்டதைத்தான் சொல்கிறேன்.

மீன் வைக்கும் குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே இரண்டு வண்டிகள். பேட்டரி வண்டிக்குச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் இரவெல்லாம் சார்ஜ் ஏற வேண்டும். கேஸ் வண்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. பின்னால் சிலிண்டரை மாட்டினால் உடனே கிளம்பிவிடும். ஆனால் அதன் புகை பொல்லாதது. மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

முந்தின நாள் சார்ஜ் போட மறந்துவிட்டேன். பாழாய்ப்போன மறதி.

"பத்து நிமிஷ வேலை. கேஸ் வண்டியவே எடு," என்றார் சூப்பர்வைசர்.

எடுத்தேன். குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது என் தங்கையின் புருஷன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றான். வேலைக்கள்ளனுக்கு வேறென்ன வலிக்கும் என்று கேலி செய்தேன்.

மணி 4.10. டக்... இன்ஜின் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். சிலிண்டர் வால்வு மூடியிருந்தது. திறந்துவிட்டு ஓட்டினேன்.

4.16. டக்...

மறுபடியும் மூடியிருந்தது. இந்த முறை இறுக்கமாக. மாப்பிள்ளையின் விளையாட்டு என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வால்வைத் திறந்து மறுபடியும் ஓட்டினேன்.

4.19. டக்...

வால்வின் மேல் பனி படிந்திருந்தது. அதில் நாலு விரல் தடம். வெறும் விரல்கள். நான் கையுறை போட்டிருந்தேன். மாப்பிள்ளையும்தான்.

"மாப்ளே..."

சத்தமே இல்லை.

ஓடினேன். பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான்.

தூக்க முடியவில்லை. என் காலும் துவண்டது. கதவுப் பக்கம் இழுத்தேன்.

பின்னால்... கிரீச்... கிரீச்...

வால்வு திருகும் சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்ஜின் இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தேன். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் அதே அறையில், அதே புகையில் செத்திருக்கிறார்.

"வண்டிக்குப் பின்னால கெடந்தாரு. வலது கையில கையுறை இல்ல. வால்வோட ஒட்டியிருந்த விரல, வெந்நீர் ஊத்தித்தான் எடுத்தோம்."

வால்வைத் திருகுவதுபோல் கையைக் காட்டினார்.

"பாதிதான் மூடியிருந்தாரு."