அடிக்கூழ் வாங்கிய ஆடிச் செவ்வாய்

புஸ்ஸென்று ஒரு சத்தம். டிரெய்லர் லாரிக்காரர் பிரேக்கை விடும்போது காற்று பிய்த்துக்கொண்டு வருமே, அது. புது டென்னிஸ் பந்து டப்பாவின் மூடியைக் கிழித்தாலும் அச்சு அசலாக அதே புஸ்தான். ஒன்றில் டீசல் நாறும், இன்னொன்றில் புது ரப்பர் மணக்கும். இந்த இரண்டு புஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் என் இளமை. இன்றைக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி புஸ்ஸென்றால் கை தானாக மட்டையைத் தேடுகிறது. வாய் தானாக ஆத்தாளைத் திட்ட ஆரம்பிக்கிறது.

திட்டத்தான். கோயில் ஆடி மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பக்தியாக எழுதலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. நம் குப்பத்து எல்லையம்மனிடம் நான் கும்பிட்டுக் கேட்டதைவிடச் சண்டை போட்டுக் கேட்டதே அதிகம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் அது எங்களுக்குள் இருக்கட்டும்.

சுனாமிக்கு முந்தைய வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. நைனா துறைமுகத்து அதிகாரிகள் கிளப் ஒன்றில் மார்க்கர். அதாவது, அதிகாரிகளுக்கு ஆட ஜோடி கிடைக்காதபோது எதிரில் நின்று பந்தடித்துக் கொடுக்கும் ஆள். அதிகாரிகள் எட்டிப் பார்க்காத மத்தியான வெயிலில் அந்தச் சிமெண்டுக் களம் எனக்கு. மீன் கூடைக்காரியின் மகள் அப்படித்தான் தொழில்முறை டென்னிஸ்காரி ஆனாள்.

ஆனால் யார் நம்பினார்கள்? பஸ் கண்டக்டர் தினமும் என் தோள் பையைப் பார்த்து, "இன்னா பாப்பா, கொசு பேட்டு விக்கப் போறியா?" என்பார். ஒரு நாள் கேட்டால் சிரிக்கலாம். வருஷக்கணக்காகக் கேட்டால்? ஆட்டப் பட்டியலில் என் பெயரை ஒரு தடவையாவது ஒழுங்காக அடித்தார்களா? கஸ்தூரி என்ற பெயர் ஒரு போட்டியில் கஸ்டர்ட் என்று வந்தது. ஒலிபெருக்கியில் அப்படியே கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். வேறு என்ன செய்வது?

அந்தக் காலத்து விதி ஒன்று. மூன்று பன்னாட்டுப் போட்டிகளில் தலா ஒரு புள்ளியாவது வாங்கினால்தான் உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் ஏறும். இரண்டு போட்டிகளில் வாங்கிவிட்டேன். மூன்றாவதுதான் வரவில்லை. ஒரு போட்டியில் கணுக்கால் பிசகியது. ஒன்றில் மஞ்சள் காமாலை. ஒன்றில் மழை. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, வெறுமனே தோற்றேன். ஒரு வருஷம் முழுக்க இப்படி. வாசல்படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலைத் தூக்க முடியாமல் நிற்பவள் மாதிரி நின்றேன்.

அந்த எரிச்சலில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஆடி முதல் வெள்ளி. தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் தூண்டவில்லை. நானே போய் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தேன். "ஆடி முடியறதுக்குள்ள லிஸ்ட்ல பேர் வரலன்னா இனிமே பேட்டத் தொடமாட்டேன். சத்தியம்." உள்ளங்கை சுட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அடிப்பாவி! உன்ன எவடி சத்தியம் பண்ணச் சொன்னது? நைனா பத்து வருஷம் வெயில்ல காஞ்சது இதுக்கா? கல்பூரத்து மேல அட்சிட்ட. இனி அந்த ஆத்தாளே நென்ச்சாலும் மாத்த முடியாது."

நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கற்பூரத்தின் மேல் செய்த சத்தியம் கல்லில் வெட்டினது மாதிரி. அந்த ஆடியில் பாக்கி இருந்தது ஒரே ஒரு போட்டி. நல்லவேளை, அது சென்னையிலேயே. குப்பத்தில் காப்புக் கட்டியாயிற்று, என் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டினால் ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. ஆகவே தினமும் போய்த் தினமும் திரும்ப வேண்டும். அதாவது, தினமும் அந்த லாரிகளைத் தாண்ட வேண்டும்.

லாரிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். துறைமுக வாசலில் ஒரு காகிதத்தில் முத்திரை விழத் தாமதமானால் எண்ணூர்வரை வரிசை நிற்கும். ஆம்புலன்ஸ் நிற்கும், பிணம் நிற்கும், கல்யாண மாப்பிள்ளை நிற்பார். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் திங்கட்கிழமை. அதில் ஜெயித்தால்தான் புள்ளி கிடைக்கிற முதன்மைச் சுற்றுக்குள் போக முடியும். தண்டையார்ப்பேட்டையில் பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. இறங்கி, பையோடு லாரிகளுக்கு நடுவே ஓடினேன். ஆட்டம் ரத்தாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது களத்தில் விழுந்தேன். கையைக் காலை உதறக்கூட நேரமில்லை. முதல் செட் போனது. இரண்டாவதைப் பிடுங்கினேன். மூன்றாவதில் ஐந்துக்கு ஏழு.

அவ்வளவுதான். முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

போட்டி மேற்பார்வையாளர் அம்மாள் வந்து தோளைத் தொட்டார். "நாளைக்குக் காலைல ஒன்பதரைக்குள்ள வந்து லக்கி லூசர் தாள்ல கையெழுத்துப் போடும்மா. யாராவது ஆட வரலைன்னா, தோத்தவங்கள்ல கையெழுத்துப் போட்டவங்களுக்கு இடம் கிடைக்கும்" என்றார்.

லூசர் என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா மீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னாது? தோத்ததும் இல்லாம பொண்ண லூசுன்னு வேற சொல்லிக்கினு கீறாளா? எவ அவ?"

"லூசு இல்லம்மா, லூசர். தோத்தவன்னு அர்த்தம்."

"அது அத்தவிட கேவலம். அதுல லக்கி வேற. தோத்துப்புட்டா இன்னாடி லக்கி? ஒண்ணும் போவ வேணாம். மானம் கெட்டுப் போயி எலும்புத் துண்டுக்கு நிக்கணுமா?"

அம்மா சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. சாயங்காலம் ஆத்தா முன்னால் போய் நின்றேன். கையைக்கூடக் குவிக்கவில்லை. "ஜெயிக்க வை என்றுதானே கேட்டேன்? தோற்பதற்கு நீ எதற்கு? அதற்கு நானே போதுமே. லாரியை நிறுத்தினது நீதானே? இனி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. நீயாச்சு, உன் ஆடியாச்சு."

அதுதான் என் பிரார்த்தனை. அதைவிட நல்லதாக எனக்கு அன்று வரவில்லை.

மறுநாள் செவ்வாய், கூழ் வார்க்கிற நாள். நம் குப்பத்தில் விடிந்ததுமே ஊற்றிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் படிக்கலாம் என்பதால் நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு மொடாப் பானையின் அடியில் தங்கின கூழ் போகும். நொய்யும் முருங்கைக் கீரையும் சின்ன வெங்காயமும் எல்லாம் அங்கேதான் தேங்கியிருக்கும். அதன் பெயர் அடிக்கூழ். அது ஆத்தாளின் சொந்தப் பங்கு என்பது நம் நம்பிக்கை. அதை வாங்கினவர் குடித்து முடிக்கும்வரை பானையைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்த பிறகுதான் கூழ் முடிந்தது என்று கணக்கு.

யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வரிசையின் வாலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அகப்பை அம்மா கையில். மொடாவைச் சாய்த்து, அடியைச் சுரண்டி, என் சொம்பில் கொட்டினாள். கெட்டியாக, சோறு மாதிரி விழுந்தது.

பூசாரி சிரித்தார். "அடிக்கூயு ஒனக்குத்தான்டி கஸ்தூரி. சீக்கிரம் குடி, பான கவுக்கணும்."

அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். மொடாவைப் பார்த்தாள்.

"ஏய். நேத்து அந்தப் பொம்பள இன்னா சொன்னா? தோத்துட்டு, கடைசில வந்து நிக்கிறவளுக்கா?"

"யாருனா வரலன்னா குடுப்பாங்களாம். கையெழுத்து போட்டிருக்கணும்."

"அப்போ பான இன்னும் கவுக்கலடி!" அம்மா கத்தினாள். "இத்தினி நேரம் இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற?"

"நீதான போவாதன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஓடுடி!"

சொம்பை ஒரே மூச்சில் காலி செய்தேன். மட்டைப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தால், புஸ். வலது பக்கமும் லாரி, இடது பக்கமும் லாரி. டிரைவர்கள் சக்கரத்து நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணி எட்டாகப் போகிறது. நடுரோட்டில் நின்று நான் அழுதேன். எரிச்சலில் வருகிற அழுகை. அதில் உப்பைவிடக் காரம் அதிகம்.

அம்மா என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். அங்கே அவள் தம்பி, என் ஏழுமலை மாமா, கவிழ்த்த கட்டுமரத்தில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் ஏயுமல, போட்டத் தள்ளு. புள்ளைய காசிமேட்ல எறக்கி விடு."

மாமா பதறினார். "இன்னாக்கா, கூயு ஊத்துற நாளு. இன்னிக்கு எவனாவது கடல்ல எறங்குவானா? ஆத்தா கண்ணக் குத்திடும்."

"மீன் புடிக்கத்தான்டா கூடாது. வலைய எறக்கி வெச்சிட்டுப் போ. வல இல்லன்னா அது தொயிலு இல்ல, சொம்மா சவாரி."

மாமா பீடியை மணலில் குத்தி அணைத்தார். பிறகு ஒவ்வொரு வலையாக எடுத்து, ஆத்தாளுக்குத் தெரிகிற மாதிரி கோயில் பக்கமாகவே மணலில் பரப்பினார். தூண்டில் கயிற்றைக்கூட விடவில்லை. எனக்கோ உயிர் போகிறது. "மாமா, மணியாவுது!" என்று கத்தினேன். "இரு. அவகிட்ட கணக்கு சுத்தமா இருக்கணும்" என்றார்.

ஆடிக் காற்று. ஃபைபர் படகு அலைமேல் ஏறி ஏறி விழுந்தது. வயிற்றுக்குள் அடிக்கூழ் என்னோடு சேர்ந்து குதித்தது. ஷூவைக் கழுத்தில் மாட்டி, பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன். வலது பக்கம் கரை. கரைமேல் எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை அசையாத லாரி வரிசை. ஒரு வருஷமாக என்னை மறித்த அத்தனை இரும்பையும் தண்ணீர்மேல் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா திரும்பிப் பார்த்து, "இன்னாடி, பித்தம் ஏறிடுச்சா?" என்றார்.

காசிமேட்டில் முழங்கால் தண்ணீரில் குதித்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து, ஒன்பது இருபத்தைந்துக்கு மேஜைமுன் நின்றேன். காலில் மீன் செதில். மேற்பார்வையாளர் அம்மாள் தாளை நீட்டினார். கடைசிச் சுற்றில் நான்கு பேர் தோற்றிருந்தோம். மற்ற மூவரும் இரவே ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். தாள் வெறுமையாக இருந்தது. கஸ்தூரி என்று நானே எழுதினேன். முதல்தடவையாக என் பெயர் தப்பில்லாமல் இருந்தது.

மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்குச் சற்று முன்னால் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வயிறு கெட்டுப் படுத்துவிட்டாளாம். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம் வருமுன் என்னவோ செய்தது. எனக்கு வரம் தர இன்னொருத்தியின் வயிறுதானா கிடைத்தது ஆத்தா? அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டுதான் களத்தில் இறங்கினேன். வியாழக்கிழமை அவளே எழுந்து வந்து, கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல நினைவில்லை. முதல் செட்டைத் தோற்றேன். ஆனால் அன்று ஒரு வித்தியாசம். ஒவ்வொரு தடவை புள்ளியை விட்டபோதும், 'பானை இன்னும் கவிழவில்லை' என்று வாய் முணுமுணுத்தது. மணிக்கட்டுக் காப்பு வியர்வையில் சாயம் விட்டு, நெற்றி துடைக்கக் கையில் மாட்டியிருந்த வெள்ளைப் பட்டையெல்லாம் மஞ்சளானது. மூன்றாவது செட்டில் கடைசிப் பந்தை எதிரில் ஆடினவள் வலையில் அடித்தாள். நான் அங்கேயே குந்திவிட்டேன்.

அதுதான் மூன்றாவது புள்ளி. ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது பட்டியல் வந்தது. நைனா இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து, ஆயிரத்துச் சொச்சம் பெயர்களுக்கு அடியில் விரலை வைத்து, என் பெயரைத் தொட்டார். திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தொட்டார்.

முழங்கால் ஒத்துழைத்தவரை ஆறு வருஷம் ஆடினேன். பெரிய பெயர் ஒன்றும் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை லக்கி லூசராகவே உள்ளே போனேன். இப்போது வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறேன். லாரிகள் அப்படியேதான் நிற்கின்றன. நானும் அப்படியேதான் திட்டுகிறேன். ஆனால் ஜெயிக்க வை என்று கேட்பதை விட்டுவிட்டேன். வரிசையில் நிற்கத் தெம்பு கொடு என்கிறேன். கொடுக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருக்கலாம். பரவாயில்லை, அவளோடு சண்டை போடுங்கள். ஆனால் வரிசையை விட்டு மட்டும் போகாதீர்கள். கடைசியில் நிற்பவருக்கென்று அவள் அடியில் வைத்திருக்கிறாள். நான் குடித்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்த ஆவணியில் முதல்முறையாக வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்பினேன். அம்மா மீன் கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு விமான நிலையம்வரை வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விடவில்லை. நான் உள்ளே பத்தடி போய்விட்டேன். துப்பாக்கி வைத்த காவலருக்கு மேலாக எக்கி, மொத்த விமான நிலையமும் திரும்பிப் பார்க்க, அம்மா கத்தினாள்:

"ஏய் கஸ்தூரி! தோத்தாலும் கையெழுத்து போட்டுட்டு வாடி!"