மாமியார் வீட்டில் ஏறிய எண்

இதயம் ஒரே சீராக அடித்தால்தான் நல்லது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைந்துகொண்டே இருக்க வேண்டுமாம். அந்த ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால் உடம்பு ஓய்வெடுத்திருக்கிறது என்று அர்த்தமாம். துபாயிலிருந்து வந்த மச்சான் கொடுத்த வாட்ச், நான் தூங்கும்போது அதை அளந்து காலையில் ஓர் எண்ணாகக் காட்டும்; எண் ஏறினால் நல்லது.

எனக்கு அது ஆயுதமாகத் தெரிந்தது. எங்கள் வீடும் என் கடையும் கடலூர் முதுநகரில். மனைவிக்கு வேலை சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டு மாடிக்குக் குடிபோகலாம் என்று கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்குமே என்பது என் பயம். வெளியே சொன்னது வேறு: "அங்க எனக்குத் தூக்கமே வராது."

"நாலு நாள் அங்க படுத்துப் பாப்போம். வாட்ச்சே சொல்லட்டும்" என்றேன் வீறாப்பாக.

வாட்ச் காலை வாரிவிட்டது. மாமியார் வீட்டில் எண் ஏறியது. பயந்துபோய், அதை இறக்குவதற்காகவே மறுநாள் மூக்குமுட்ட பிரியாணி தின்றுவிட்டுப் படுத்தேன். "இன்னும் ரெண்டு பீஸ் வைக்கட்டுமா மாப்ள?" என்று மாமியார் வேறு உதவி செய்தார். அப்போதும் முதுநகரைவிட ஜாஸ்திதான்.

"வாட்ச் ரிப்பேரு" என்று தீர்ப்புச் சொன்னேன். வீடு திரும்பியதும் அதை நிரூபிக்க மனைவி கையில் கட்டினேன். வாரம் முழுக்கத் தரையில் கிடந்த எண், திங்கட்கிழமை காலையில் மட்டும் எழுந்து உட்கார்ந்தது.

"பாத்தியா, ரிப்பேருன்னு சொன்னேன்ல?"

அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "நேத்து நான் பஸ் ஏறலல்ல, அதான்."

புகாராகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற ஊர், அவளுக்கு பஸ்ஸில் ஒரு சீட்டா பிடித்துத் தரப்போகிறது? மாமியாருக்கு போன் போட்டேன்.

"மாமி, மாடி காலியா இருக்கா?"

"ஒங்களுக்குன்னுதான் யாருக்கும் விடாம வச்சிருக்கேன். வாங்க மாப்ள."

இப்போது சிதம்பரத்திலிருந்து முதுநகருக்கு பஸ்ஸில் தொங்கி வருவது நான். வாட்ச் அவள் கையில்தான். "அல்ஹம்துலில்லாஹ், எவ்ளோ ஏறியிருக்கு பாருங்க!" என்று தினமும் காலையில் காட்டுகிறாள். என் எண் என்ன ஆகியிருக்கும் என்று நான் பார்ப்பதில்லை.