பெரிய மரத்துக்கு அந்தப் பக்கம்

காப்புக்காட்டின் வாசலில், கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருஷமாக டிக்கெட் கொடுத்துவந்தவள் அவள். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் நிற்கும். பாதை எங்கே வழுக்கும், ஓடையில் எந்தக் கல்லில் கால் வைக்கலாம், பெரிய மரத்தைச் சுற்றிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கண்ணால் கண்டமாதிரி அளப்பாள். எல்லாம் திரும்பி வருகிறவர்கள் வாயிலிருந்து பிடுங்கியது. அவளுக்கு வார விடுமுறை என்றைக்கோ, அன்றைக்குக் காட்டுக்கும் விடுமுறை. அதனால் உள்ளே கால் வைத்ததே இல்லை.

கவுண்டருக்கு இன்னொரு ஆளைப் போட்ட பிறகு, ஒருவழியாக வேலைநாளில் லீவு கிடைத்தது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து இறங்கினாள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே பழகிய கால்கள். வீட்டில் உட்கார ஒப்பவில்லை.

"அந்தக் காட்டைக் கரைச்சுக் குடிச்சவங்களாச்சே அண்ணி, கூட்டிட்டுப் போங்க."

"வா. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்."

காட்டுக்குள் ஓடை அவள் சொன்ன இடத்திலேயே வந்தது. அவள் நடையில் மிடுக்கு ஏறியது.

"இந்தத் திருப்பம் தாண்டினா பெரிய மரம். ஆறு பேர் கை கோத்தாத்தான் பிடிபடும்."

திருப்பம் தாண்டினால் வெறும் வானம். கீழே, மதில் மாதிரி மரம் சாய்ந்து கிடந்தது.

"படுத்துடுச்சே அண்ணி," என்றாள் நாத்தனார்.

அந்தப் பக்கம் வந்த வனக்காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "போன வருஷ மழையிலயே விழுந்துடுச்சுக்கா. நீங்க சொல்லி அனுப்புறவங்க பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. ஏன் கெடுக்கணும்னு நாங்களும் விட்டுட்டோம்."

அவளுக்கு முகம் சுருங்கியது. மறு நிமிஷம் அவளே சிரித்துவிட்டாள்.

"அப்புறப்படுத்தலையா?"

"இங்க விழுந்ததை எடுக்கமாட்டோம்க்கா. அதுமேலதான் அடுத்தது முளைக்கும்."

நெருங்கிப் பார்த்தாள். பாசிக்குள் நகமளவு இலைகளோடு கன்றுகள் வரிசையாக எழுந்திருந்தன. ஈரப் பட்டையில் உள்ளங்கையை வைத்தாள், சில்லென்றிருந்தது. இதை யாரும் அவளிடம் வந்து சொன்னதில்லை.

"திரும்பலாமா அண்ணி?"

"ஏன்?"

"இதுக்கு மேல வழி தெரியுமா?"

"தெரியாது. இது வரைக்கும்தான் எல்லாரும் சொல்லியிருக்காங்க," என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.