அத்தையின் இட்லிப் பரிசோதனை

கோதுமை, மைதா, ரவை எதுவும் என் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது.

ஓரிக்கையிலிருந்து வந்திருக்கும் அத்தை இன்று மாலை காஞ்சிபுரம் இட்லி அவித்தார். "வெறும் அரிசி, உளுந்துதாம்மா" என்றார். நம்பிச் சாப்பிட்டேன்.

தட்டு காலியானதும் சிரித்தார். "ரெண்டு கை ரவை கலந்துதான் குடுத்தேன். பாரு, நல்லாத்தானே உக்காந்துக்கினு இருக்குற! எல்லாம் மனசுல இருக்குதுமா."



பிறகு வயிறு முறுக்கி, கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக ஓடினேன். அத்தை மிளகாயோடு வந்தார். "கண்ணு பட்டுடுச்சுமா" என்று சுற்றிப் போட்டார்.

மிளகாயிலாவது ரவை இல்லை.

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். நாளைக் காலை டிபனும் அத்தைதானாம். பயமாக இருக்கிறது. பசிக்கவில்லை என்பதற்கு அத்தை நம்பும்படி ஒரு காரணம் சொல்லுங்களேன்.