கலியாண வீட்டுக்குப் போன குட்டான் கோப்பி

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், இறுப்பிட்டி யோகம்மாவின் பசு ஒரு பொலித்தீன் பையைப் பாதி விழுங்கி, மூன்று நாள் எழும்பாமல் கிடந்தது. வாய்க்கு வெளியே தொங்கிய மிச்சத்தில் 'மார்க்கண்டு கோப்பி' என்று பச்சையில் அச்சடித்திருந்ததால் குற்றவாளியைத் தேடும் சிரமம் ஊருக்கு வரவில்லை.

"நீர் சனத்துக்குக் கோப்பி விக்கிறீரோ, என்ர மாட்டுக்கு நஞ்சு விக்கிறீரோ?" என்று யோகம்மா மார்க்கண்டு வீட்டுப் படலையடியில் நின்று கத்தினாள்.

பசு எழும்பிவிட்டது. மார்க்கண்டுவின் மானம்தான் எழும்பவில்லை. இனிமேல் மாடு தின்னக்கூடிய பொதியில்தான் கோப்பித்தூள் விற்பேன் என்று அறிவித்தார். பனங்கட்டி வைக்கிற ஓலைக் குட்டான், அதன்மேல் கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மாப் பசையால் ஒட்டிய கடதாசி. இதைக் கண்டுபிடிக்க மூன்று கிழமை யோசித்தாராம்.

அவசரமும் இருந்தது. பெரிய வீட்டு விமலாம்பிகை மகளின் கலியாணத்துக்கு நாற்பது பொதி கேட்டிருந்தார். அந்த வீட்டில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் பெயர் கேட்டால், தீவு முழுக்க மார்க்கண்டு கோப்பிதான்.

பட்டினத்து அச்சகக்காரன் கேட்டான்: "அண்ணை, படம் போடுறதெண்டால் அச்சுப் புளொக் வேணும். இருக்கோ?"

இருந்தது ஒன்றே ஒன்று. அப்பா கதிர்காமு செத்த முப்பத்தோராம் நாள் கொடுத்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்குச் செய்வித்தது. மீசை, தலைப்பாகை, கோபப் பார்வை. கோப்பித் தோட்டமே வைத்திருந்தவர் மாதிரி இருக்கிறார் என்று மார்க்கண்டு பூரித்தார். அச்சகக்காரனும் மரண அறிவித்தல் அடித்துக் கை பழகின பழக்கத்தில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, சுற்றிக் கறுப்புக் கரை போட்டான். கீழே மார்க்கண்டு எழுதிய வாசகம்: 'கோப்பி உங்களுக்கு, பொதி மாட்டுக்கு.'

கலியாணத்துக்கு நாலு நாள் முன்னம் நாற்பது கதிர்காமுவும் விமலாம்பிகையின் மேசையில் வரிசையாக நின்றார்கள். பலகாரம் சுட வந்த பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டாள்.

"என்ன மார்க்கண்டு, கலியாண வீடெண்டு சொன்னது விளங்கேல்லையோ? உம்மட அப்பரைக் கொண்டந்து நிப்பாட்டியிருக்கிறீர். தூக்கிக்கொண்டு போம்!" என்றார் விமலாம்பிகை.

"புதுசா அடிச்ச படம், அக்கா..."

"புதுசோ? ஆள் செத்து ஆறு வருசம்!"

வீட்டுக்கு வந்து தண்ணீர் தெளித்துக் கடதாசியை உரித்தார்கள். மனைவி மீனலோசனி நாற்பது கடதாசியையும் அள்ளி மாட்டடிக்கு நடந்தாள்.

"எங்கை கொண்டு போறீர்?"

"நீங்கள்தானே எழுதினியள், மாட்டுக்கெண்டு."

"எடி, அப்பாவை என்னெண்டு மாடு தின்ன விடுறது?"

"அப்ப வாங்கிற சனம் மட்டும் என்னெண்டு விடும்? இதை யோசிக்கவே மூண்டு கிழமை?"

மார்க்கண்டு அப்பாமாரைக் காயவைத்து அலுமாரிக்குள் அடுக்கினார். அடுத்த நாள் மொட்டை ஓலைக் குட்டான்களோடு திரும்பப் போனார்.

விமலாம்பிகை புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இப்ப வடிவாயிருக்கு. ஒண்டும் எழுதேல்லையோ?"

"அதுதான் அக்கா புது மோஸ்தர்."

கலியாணத்தன்று மார்க்கண்டு பந்தலில் முன்வரிசைக் கதிரை பிடித்து, குடிக்கிற ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி இரண்டாம் கோப்பை கேட்டார். "அருமையான கோப்பி. ஆரிட்டை வாங்கினது?"

விமலாம்பிகை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"கொழும்பிலயிருந்து எடுப்பிச்சனாங்கள்."

சம்பந்தி பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினார். "கொழும்புக் கோப்பியெண்டால் சும்மாவே! என்ன, தம்பி?"

"ஓம் ஐயா," என்றார் மார்க்கண்டு. "குடிச்சவுடன தெரியுது."