பூட்டிய வீட்டுக்குள் நான் போகவில்லை

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், என் பேருக்கு வந்த பழியை நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாவது வரைதான். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் திறக்க வராது, அதனாலோ என்னவோ கதை எழுதுகிற பழக்கம் வந்தது. அதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்ததும் குருசுக்குப்பம் பக்கத்துத் தெருக்களில் நடப்பேன். சொந்தக்காரர்கள் பிரான்சுக்குப் போய்விட்டதால் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு எதிரே ஐந்து நிமிஷம் நின்று, உள்ளே என்ன இருக்கும் என்று அறை அறையாக நானே மனதில் சாமான்களை வைத்துப் பார்ப்பேன். சாமான்களை வைத்து முடித்தால் அங்கே இருக்கவேண்டிய ஆள் தானாக வந்துவிடுவார். ஆள் குடியிருக்கிற வீட்டைத் தொடமாட்டேன். தெரிந்தவர் கதையை எழுதமாட்டேன். இவ்வளவு ஒழுங்காக இருந்தவனைத்தான் திருடன் என்றார்கள்.

மஞ்சள் சுவரும் பச்சை ஜன்னலுமாக ஒரு வீடு. அதற்குள் தனியாக ஒரு கிழவரை வைத்து எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் என் பேரும் கம்பெனி பேருமாக வந்தது. படித்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டில் ஒரு அம்மா வந்து நின்றார். அறுபது வயதிருக்கும், கையில் அந்தப் பத்திரிகை. பேர் மதலேன், பிரான்சிலிருந்து வந்திருக்கிறார், அந்த வீடு அவர் அப்பாவுடையது.

“நீதானா அந்தோணி? எங்க வீட்டுக்குள்ள எப்ப பூந்த?”

பக்கத்தில் நின்ற ஃபிட்டர் காதர்தான் பேசினான். “எம்மா, இந்தாளு கேண்டீன்ல ரெண்டாவது டீ கேக்கவே கூச்சப்படுவாரு. இவரு போயி பூட்ட ஒடைப்பாரா?”

“அப்ப சமையக்கட்டு கதவு நெலையில என் தம்பி ஒசரத்துக்கு பென்சில்ல கோடு போட்டிருக்கறது இவனுக்கு எப்பிடித் தெரியும்? கண்ணாடிய செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கறது? நாற்காலி ஒண்ணுதான் தப்பு. செவுத்தப் பாத்துப் போட்டிருக்குன்னு எழுதியிருக்கான். எங்க அப்பா ஜன்னலண்டதான் உக்காருவாரு. நான் வீட்டப் பூட்டறப்பவும் அங்கதான் இருந்துச்சு. மத்ததெல்லாம் அப்பிடியே எழுதியிருக்கான்.”

“யோசிச்சு எழுதனேம்மா” என்றேன்.

“யோசிச்சியா? எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“அஞ்சாவது.”

அவர் சிரித்தார். கேட்டில் நின்ற வாட்ச்மேனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதுகூட எனக்கு உடம்பு எரிகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். “நாளைக்கே பூட்டத் தொறங்க. உள்ள என் கால் தடம் ஒண்ணு இருந்தாலும் போலீசுல குடுங்க.”

மறுநாள் காலை பத்து மணி, நல்ல வெயில். பூட்டு துருவேறி சாவி உள்ளேயே போகவில்லை. காதர்தான் ரம்பத்தால் அறுத்தான், இருபது நிமிஷம் ஆனது. பின்கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது, ஜன்னல்களும் அப்படியே. ஒன்பது வருஷத்துத் தூசி தரையில் மாவு சலித்துக் கொட்டினமாதிரி கிடந்தது. ஒரு தடம் இல்லை, எலி ஓடின கோடுகூட இல்லை.

“பாத்துக்கம்மா” என்றான் காதர். “பறந்து வந்து திருடிட்டுப் போயிட்டாரு எங்க அண்ணன்.”

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஆனால் சமையற்கட்டு நிலையில் அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்ததும் அந்தத் தெம்பு போய்விட்டது. கண்ணாடியும் சுவரைப் பார்த்துத்தான் தொங்கியது. சரி, எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கோடு போடுவார்கள், துக்க வீட்டில் கண்ணாடியைத் திருப்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

பிரம்பு நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடந்தது.

ஜன்னலடியில் சிவப்புத் தரையில் நாலு வட்டம், நாற்காலிக் கால் அளவுக்கு, துடைத்துவிட்டதுபோலப் பளபளவென்று இருந்தது. அங்கிருந்து நாற்காலி கிடந்த இடம் வரைக்கும் தூசி கலையவே இல்லை. இழுத்த கோடும் இல்லை. நம்பினால் நம்புங்கள், காதரே இரண்டு தடவை குனிந்து பார்த்தான்.

அந்த அம்மா தூசியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கடைசியா அவரோட போன்ல சண்ட போட்டேன். எம்மூஞ்சியில முழிக்காதன்னாரு. ஒம்பது வருஷம் முன்ன அடக்கத்துக்கு வந்தப்ப நாற்காலி ஜன்னலண்ட இருந்துச்சு. சரி, என்னத்தான் எதிர்பாத்து உக்காந்திருந்தாருன்னு மனச தேத்திக்கிட்டேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் கோவமாத்தான் இருக்காரா? நீங்க சொல்லுங்க.”

நேற்று வரை திருடன், இன்றைக்கு நான் சொல்ல வேண்டுமாம்!

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. முதலில் எழுதியபோது நானும் கிழவரை ஜன்னலடியில்தான் உட்காரவைத்தேன். பத்திரிகைக்குச் சுத்தமாகப் பெயர்த்து எழுதுவதற்கு முன்னால், கிழவர் என்றால் எல்லாரும் ஜன்னலில்தானே வைக்கிறார்கள் என்று தோன்றி, ரப்பரால் அழித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அந்த அழித்த வரி என் வீட்டு நோட்டில் இருக்கிறது. அதை யாரும் பார்த்ததில்லை. உங்க அப்பாவுக்குக் கோபமில்லை, திருப்பினது நான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடியும் உள்ளே வந்தாயா என்பார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, அழுதுகொண்டே வெளியே போனார்.

நாலு நாளில் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டார். பிரான்சிலேயே குடியிருக்கிற அம்மாவுக்கு, மன்னிப்பாக ஒரு ‘பார்தோன்’ சொல்ல வரவில்லை. கம்பெனியிலோ, “அண்ணே, என் வண்டி சாவி எங்க கெடக்குன்னு ஒரு கத எழுதுங்க” என்கிறார்கள். நான் பூட்டை உடைத்தேன் என்றபோது நம்பினார்கள், எனக்குள் ஏதோ இறங்குகிறது என்றாலும் நம்புகிறார்கள். உட்கார்ந்து யோசித்து எழுதினேன் என்பதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. கதை நன்றாக இருந்ததா என்றும் இந்த நாள் வரை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த அம்மா தூசியில் உட்கார்ந்திருந்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து, நோட்டை எடுத்து, அந்த வரியை மறுபடி அழித்து, நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி எழுதினேன். கிழவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி கூடவும் சேர்த்தேன். கதை கெட்டுப்போனது, அதை நானே சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அந்தத் தெரு வழியாகப் போனேன். புதுப் பூட்டு அப்படியே தொங்கியது. நாங்கள் போன அன்று ஜன்னல் கதவின் குறுக்கே வரிசையாக இருக்கிற பச்சைப் பலகைகள் எல்லாம் மூடித்தான் இருந்தன, காதரைக் கேட்டுப் பாருங்கள். இப்போது ஒரே ஒரு பலகை மட்டும் மேலே தூக்கியிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் இருக்கிற உயரத்தில்.

நான் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப் பக்கமாக வேகமாக நடந்துவிட்டேன். அந்த அம்மா அடுத்த தடவை வந்து பார்த்தால் அதற்கும் என்னைத்தான் கேட்பார்.