எலிகள் திரும்பி வந்த நாள்

சித்தி வேலை செய்த ஆய்வுகூடம் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம், உப்புக் காற்றில் கூரைத் தகரம் துருப்பிடித்த பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. என் பள்ளிக்கூடம் பக்கத்திலேதான். அம்மா வேலை முடிந்து வந்து என்னை லிங்கநகர் வீட்டுக்குக் கூட்டிப்போகும்வரை சித்தியோடுதான் இருப்பேன். வீட்டுப்பாடம் செய்ய ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. எலிகளோடுதான் இருந்தேன்.

வெள்ளை எலிகள். பின்னறையில், கம்பிக் கூடுகளுக்குள், மரத்தூளில் மூக்கைப் புதைத்துத் தூங்கும். விரலை நீட்டினால் எழும்பி வந்து மணந்து பார்க்கும். ஒருநாள் பார்த்த எலி மறுநாள் இருக்காது.

"எங்க சித்தி?" என்று கேட்டால், "அது வேற இடத்துக்குப் போயிட்டுது," என்பார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கெட்டிக்கார எலிகளை வகுப்பேற்றி அனுப்புகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

உண்மை பின்னாளில்தான் தெரிந்தது. கிண்ணியாப் பக்கம் களப்பின் ஆழமில்லாத உப்புநீரில் பொறுக்கித் தின்னும் மட்டிச் சிப்பியில் சில காலங்களில் நஞ்சு ஏறிவிடும். அதைக் கண்டுபிடிக்க மட்டிச் சாற்றை எலிக்கு ஊசியால் ஏற்றிவிட்டு, அது சாகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சித்தியின் வேலை. எங்களோடுதான் அவரும் இருந்தார்; வீட்டுக்கு வந்ததும் குசினிக் குழாயடியில் வெகுநேரம் நின்று கை கழுவுவார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார்.

எலி இல்லாமலே நஞ்சைக் கண்டுபிடிக்கச் சித்தி ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். என்றோ ஓர் எலியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டு, கண்ணாடிக் குப்பிக்குள் தாமாகவே பெருகும், கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கலங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அவற்றின்மேல் மட்டிச் சாற்றை விட்டால் போதும். நஞ்சு இருந்தால் அவை வாடிச் சுருங்கும். ஒருநாள் என்னைத் தூக்கிப்பிடித்து நுணுக்குக்காட்டிக்குள் பார்க்க வைத்தார். தண்ணீரில் ஊறிய சவ்வரிசிபோல் ஏதோ தெரிந்தது.

"இதுக்குக் கண் இல்லையே," என்றேன்.

"ஓம். அதுதான் நல்லம்," என்றார் சித்தி.

மேலிடம் அரைமனதோடு சம்மதித்தது. கலங்கள் சொன்னதும் எலிகள் சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று நெடுநாள் சோதித்தார்கள். ஒத்துப்போயின. புதிதாக எலிகள் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு மத்தியானம் நான் போனபோது கூடுகளெல்லாம் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் அழுத அழுகையில் வாசலில் நின்ற காவலாளிகூட உள்ளே வந்துவிட்டார். சித்தியோ சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவரோடு பல நாள் கோபம் போட்டேன்.

மாரி தொடங்கியதும் ஒரு புயற்காற்று அடித்தது. மரங்கள் விழுந்து கரண்ட் போனது. கலங்கள் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டியவை. ஆய்வுகூடத்து ஜெனரேட்டரும் நின்றுபோக, சித்தி குப்பிகளைத் துவாயில் சுற்றி, மழைச்சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துப் போத்தல்களில் ஊற்றிக் கொடுத்தபடி இருந்தார். சித்தி போர்வைக்குள் குப்பிகளோடு சுருண்டு கிடந்தார். எனக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது.

கரண்ட் வருவதற்குள் குப்பிகளுக்குள் இருந்த நீர் கலங்கிப்போயிற்று. சித்தி ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செத்துட்டுதே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், அக்கா."

திரும்ப வரவழைக்க மாதக்கணக்காகும். அந்த நேரம் பார்த்து, மட்டி தின்ற குழந்தையொன்று வாய் விறைத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. களப்பில் இறங்கத் தடை போட்டார்கள். கிண்ணியாவிலிருந்து மட்டி பொறுக்கும் முஸ்லிம் பெண் ஒருவர் ஆய்வுகூடத்துக்கே வந்தார்.

"மிஸ், முடிவு தெரியாம தண்ணிக்குள்ள இறங்க ஏலாதாம். பிள்ளையளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

"கெதியாச் சொல்லுறன், ராத்தா," என்றார் சித்தி. அந்தப் பெண் போனபின் மேசையில் வெறுமையாகக் கிடந்த குப்பிகளை ஒருபக்கம் ஒதுக்கினார். பிறகு எழும்பிப்போய்த் தொலைபேசியை எடுத்தார்.

சில நாள் கழித்துப் பின்னறைக் கதவைத் திறந்தேன். கூடுகள் நிறைய எலிகள். முந்தியவற்றைவிடக் குட்டியானவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய்ச் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"இனி உங்களோட கோபம் இல்லை, சித்தி."

அவர் மேசையில் ஊசிகளோடு இருந்த தட்டைத் துவாயால் மூடினார். என் தலையில் கைவைக்க வந்தவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"வெளியில போய் இரு, பிள்ளை. அம்மா இப்ப வருவா."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கினார். குப்பிகள் போன கவலை இன்னும் தீரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி பிறகு கலங்களைத் திரும்ப வரவழைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இன்று அந்தப் பின்னறையில் எலிகள் இல்லை. ஆனால் அன்று எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்: நான் அழுதேன் என்பதற்காக என் சித்தி எலிகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டா என்று.